ஊரும் ஆகோளும்: கம்பம் பள்ளத்தாக்கில் உழவின் தொன்மை

உழவு நாகரிகத்தின் தாய் என்பது நாம் பலகாலும் கேட்டுவரும் கருத்தாகும். மக்கள் காட்டு விலங்கை வேட்டையாடியும் கிழங்கும் கனியும் தேடியும் அலைந்தனர்; பின்னர் வித்திட்டு விளைவிக்கக் கற்றனர்; விளைவு தம் உணவுக்கு மேலும் மிகுந்தது; மிகுந்ததனை உண்டு கொல்லரும் குயவரும் வணிகரும் வினைவல்லரும் வாழ்ந்தனர்; இவர்கள் கூடிய இடம் நகரமாயிற்று; நகரத்துக்கு அரசும் கணக்கும் வேண்டியிருந்தமையின் எழுத்துப் பிறந்தது. இவ்வரிசையை விளக்கமாக வகுத்துக் காட்டியவர் வி. கார்டன் சைல்டு என்னும் தொல்லியல் அறிஞர். 1936இல் வெளிவந்த தம் நூலில் உழவின் தோற்றத்தை அவர் புதிய கற்காலப் புரட்சி என்றே பெயரிட்டு அழைத்தார். மேலை ஆசியாவின் யூப்பிரட்டீசு, தைக்கிரீசு ஆறுகளின் நாட்டை நோக்கி வகுத்த வரிசை அது. அங்கே அது பெரும்பான்மையும் பொருந்துகிறது. தமிழகத்துக்கும் அது அவ்வாறே பொருந்துமா என்பதே ஈண்டு எம் வினா. அவ்வினாவுக்கு விடை தேடத் தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் யாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு.

நானிலம் என்று தமிழ் நூலார் வகுத்தனவற்றுள் கடல் சார்ந்த நெய்தல் ஒழிந்த மூன்றும் ஒரு பகல் நடையில் காணத்தக்க இடம் இது. மேற்கே ஏலமலை சுவர்போல் நிற்கிறது. வடக்கே பழனிமலை; தென்கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் ஆண்டிபட்டிக் குன்றுகளும். இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்னும் ஊர்கள் வரிசையாக அமைந்த பள்ளத்தாக்கு. சுருளியாறு அதனூடே ஓடித் தேனிப் பக்கத்தில் வைகையொடு கலக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மேல்கடற்கரையை நனைத்துவிட்டு இப்புறம் வறிதே வருகின்றமையின், மலையடி கடந்து கிழக்கே செல்லச் செல்ல நிலம் வறண்டு செல்கிறது. ஆற்றங்கரை மருதமாக, அதனின் இரண்டு கல் தொலைவிலுள்ள மேட்டுநிலம் முல்லையாக, அதற்கப்பால் எழும் சரிவு குறிஞ்சியாக இருப்பது இங்கே நூற்செய்தியன்று, கண்ணாற் காண்பது.

ஆனால் அக்கண்ணே நம்மை ஏமாற்றவும் வல்லது என்பதனை முதற்கண் சொல்லிவிட வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கைக் காணவரும் மாணவர், சாலையின் இருமருங்கும் பசுமையாய்க் கிடக்கும் நெல்வயலைக் கண்டதும், ‘இத்துணை வளம் உடைய நிலத்தில் நெல்லுழவும் அதனால் நாகரிகமும் தொன்றுதொட்டே தழைத்திருக்கும்’ என்று எளிதில் முடிவு கட்டுவர். அம்முடிவு பிழை. இன்று இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நிலத்துக்குப் பாயும் நீர் பெரும்பாலும் பெரியாற்று நீராகும். மேற்கே ஓடிக் கடலிற் கலந்த அவ்வாற்றை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, இப்புறம் திருப்பிவிட்டது 1895இல். செய்வித்தவர் கர்னல் பென்னிகுக்கு என்னும் பொறியாளர். ஆகவே நாம் காணும் மருதத்தின் பெரும்பகுதி நூற்றுமுப்பது ஆண்டு அகவையுடையது. அதனைச் சங்க காலத்தின் மேல் ஏற்றுதல் தகாது.

பெரியாற்று நீர் வருமுன் இங்கே நன்செய் இல்லை என்பதும் எம் கருத்தன்று. மலையிற் பிறக்கும் சுருளியாறு தன் சொந்த நீரால் சிற்சில அணைகளையும் வாய்க்கால்களையும் நெடுங்காலம் ஊட்டி வந்துள்ளது. பாண்டியர் செப்பேடுகளுள் பெயர்பெற்றவை சின்னமனூரிற் கிடைத்தவை. அவற்றுள் பெரிய செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மன் காலத்தது. சங்கம் வைத்ததும் பாரதத்தைத் தமிழாக்கியதும் ஆகிய செய்திகளுக்காகவே இலக்கிய வரலாற்றார் அதனை எடுத்தாள்வர். உழவின் வரலாற்றை ஆராய்வார்க்கு அதில் வேறொன்று உண்டு. அச்செப்பேடு கொடையாக அளிக்கும் ஊரின் பெயர் நற்செய்கைப்புத்தூர். செய் என்பது வயல். நன்செய், புன்செய் என்னும் வழக்குகளில் இன்றும் அது வாழ்கிறது. புத்தூர் என்பது புதிதாக அமைந்த ஊர். பெயரொன்றே கொண்டு வரலாறு கட்டுதல் ஆகாது எனினும், பாண்டியர் ஆட்சியின்போது இப்பள்ளத்தாக்கில் நன்செய் விரிந்துகொண்டிருந்தது, விரியாத நிலமும் எஞ்சியிருந்தது என்று கொள்ளுதற்கு அது இடந்தருகிறது. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் மருதம் விரிந்துகொண்டிருந்தது என்றால், அதற்கு ஆயிரத்துமுந்நூறு ஆண்டுகட்கு முன் அது எத்துணைச் சிறிதாக இருந்திருத்தல் வேண்டும் என்பதனை உய்த்துணரலாம்.

ஆகவே நெல்லை ஒருபுறம் வைத்துவிட்டு, முதல் உழவர் எதனை விதைத்தனர் என்று வினவுவோம்.

தென்னிந்தியப் புதிய கற்கால மக்களைப் பற்றிய நம் அறிவு சென்ற எழுபது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. தெலங்கானத்து உத்நூரில் இரேமண்டு ஆல்ச்சின் 1957இல் அகழ்ந்தபோது, அதுவரை எரிமலைச் சாம்பலோ வேள்விச் சாம்பலோ என்று பலரும் மயங்கிய பெரிய சாம்பல் மேடுகள் உண்மையில் மாட்டுத் தொழுக்களே என்பதும், ஆண்டாண்டாகக் குவிந்த சாணம் எரியூட்டப்பட்டு அங்ஙனம் ஆயிற்று என்பதும் புலனாயின. இவர்கள் மாடு வளர்ப்போர் என்பது அதனால் உறுதியாயிற்று. பயிர் செய்தனரா என்பது நெடுநாள் ஐயமாகவே இருந்தது. அவ்வையத்தைத் தீர்த்தவர் டோரியன் ஃபுல்லரும் அவருடன் உழைத்த இந்திய ஆய்வாளரும் ஆவர். பெல்லாரிப் பகுதிச் சங்கனகல்லு முதலிய இடங்களின் மண்ணை நீரிலிட்டுக் கலக்கி, மிதக்கும் கரித் துணுக்குகளைப் பிரித்தெடுத்து, அவற்றிடையே கரிந்த வித்துக்களை இனங்கண்டனர். கிடைத்தவை எவை? சாமையை ஒத்த ஒரு சிறுதானியம், தினைக்கு உறவான ஒரு புல்லின் வித்து, கொள்ளு, பச்சைப்பயறு. இந்நான்கும் தென்னாட்டு மேட்டுநிலத்திலும் அதன் விளிம்புக் காடுகளிலும் இயல்பாக முளைப்பனவே. கோதுமையும் வாற்கோதுமையும் பின்னர் வந்து சிறுபான்மையாகவே நின்றன. நெல் அங்கே முதற்பயிர் அன்று.

இக்காலம் ஏறத்தாழ கி.மு. 3000க்கும் 1200க்கும் இடைப்பட்டது. தமிழ்நாட்டினுள் இதனோடு ஒத்த சான்று திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் கிடைத்துள்ளது. 1960களில் நிகழ்ந்த அவ்வகழ்வில் கொள்ளும் பச்சைப்பயறும் கரிந்த நிலையில் வெளிவந்தன. மொழிச் சான்றும் இதற்கு மாறாக நிற்கவில்லை. பயறு என்னும் நம் சொல்லுக்கு இனமாகக் கன்னடத்தில் ஹெசரு என்றும் தெலுங்கில் பெசலு என்றும் சொற்கள் உள. உழுந்து கன்னடத்தில் உத்து என்றும் தெலுங்கில் உத்துலு என்றும் வழங்குகிறது. ஏர் என்னும் சொல்லும் அம்மொழிகளில் வாழ்கிறது. இம்மொழிகள் பிரியுமுன்னரே அவற்றைப் பேசினோர் பயற்றினங்களை அறிந்து பயன்கொண்டனர் என்று மொழிநூலார் இதனாற் கருதுவர்.

கொள்ளையும் சாமையையும் புன்செய்ப் பயிர் என்றும் ஏழையர் உணவு என்றும் எண்ணிப் பழகிய நமக்கு, இவற்றின்மேல் ஒரு நாகரிகம் எழுந்தது என்றால் நம்புதற்கு அரிதாகத் தோன்றும். நெல் உண்போர் எழுதிய வரலாற்றை நெல் உண்போர் படித்துவந்தமையின் விளைவு இது. உண்மையில் இப்பயிர்களும் மாடும் சேர்ந்த உழவு மிகுந்த அறிவுடையது. சிறுதானியமும் பயறும் மாற்றி மாற்றியோ கலந்தோ விதைக்கப்படும்போது, பயற்றின் வேர் மண்ணுக்கு உரமூட்டுகிறது. தானியத்தின் தட்டை மாட்டுக்குத் தீனியாகிறது. அறுவடையான கொல்லையில் மாட்டையும் ஆட்டையும் கிடை அமர்த்தினால் அடுத்த விதைப்புக்கு நிலம் எருப்பெறுகிறது. மழை பொய்த்த ஆண்டில் பயிர் கைவிட்டாலும் மந்தையை மலைச்சரிவுக்கு ஓட்டிப் பிழைக்கலாம். வரகோ நெடுங்காலம் கெடாமல் இருப்பது. கோயிற் கலசங்களில் அதனை இடும் வழக்கம் அதுபற்றியே எழுந்தது என்பர். மிகுவிளைவைச் சேர்த்து வைத்தற்கு நெல்தான் வேண்டும் என்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் நில அமைப்பு இவ்வகை உழவுக்கென்றே அமைந்ததுபோல் உள்ளது. மேட்டில் கொல்லை, சரிவில் மேய்ச்சல், பள்ளத்தில் கோடையிலும் வற்றாத குடிநீர்.

நெல் எப்போது வந்தது? ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் இருந்த கலங்களில் நெல்லுமியும் சிறுதானிய உமியும் கிடைத்தமையை அலெக்சாந்தர் இரீ சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியுள்ளார். இரண்டும் ஒருங்கே கிடைத்தன என்பது கருதத்தக்கது. அதே தண்பொருநைப் பகுதியில் சிவகளையின் ஈமத்தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டு 2021இல் அறிவிக்கப்பட்டது. நம் பள்ளத்தாக்குக்கு அண்மையிலுள்ளது பொருந்தல். பழனிமலையின் தென்புறத்தில் பெரியகுளம் இருப்பதுபோல் அதன் வடபுறத்தில் பழனிக்குத் தென்மேற்கே இவ்வூர் உள்ளது. அங்கே பேராசிரியர் கா. இராசன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழ்ந்த ஈமக்குழியொன்றில் நாற்கால் சாடி நிறைய நெல் இருந்தது; ஏறத்தாழ இரண்டு கிலோ. அதன் காலம் கி.மு. 490ஐ ஒட்டியது. அக்குழியிலேயே எழுத்துப் பொறித்த புரிமனையும் இருந்தது.

இறந்தாரோடு நெல்லைப் புதைத்தனர் என்பதற்கு இரு பொருள் கொள்ளலாம். அன்றாட உணவே அது ஆகலின் மறுமைக்கும் வைத்தனர் என்பது ஒன்று. அரிதாய்க் கிடைப்பதாகலின் சிறப்புக் கருதி வைத்தனர் என்பது மற்றொன்று. கொள்ளைச் சாடி நிறைய யாரும் புதைத்ததாகக் காணோம். யாம் இரண்டாவதன் பக்கமே சாய்கின்றோம். எளிய பொருள் இல்லத்திலும் அரிய பொருள் ஈமத்திலும் காணப்படுதல் உலகெங்கும் உள்ள இயல்பு.

இனி, இப்பள்ளத்தாக்குக்கே உரிய தலையாய சான்றுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர், கா. இராசன் தலைமையில், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டனர். ஊர் வைகைக் கரையில் உள்ளது. குலைந்துபோன பழைய ஈமக்காட்டில் அவை கிடந்தன. உருவம் எதுவும் செதுக்கப்படாத சிறு கற்கள். ஆயினும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிக்கப்பட்டவை. எழுத்தமைதி கொண்டு கி.மு. நான்காம் நூற்றாண்டுக்கும் இரண்டாம் நூற்றாண்டுக்கும் இடையே அறிஞர் பலவாறு காலம் கூறுவர். எங்ஙனமாயினும் இந்தியாவில் கிடைத்த எழுத்துடை நடுகற்களுள் மிகப் பழையன இவையே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

முதற்கல், கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்தது. ஆகோள் என்பது ஆநிரை கொள்ளல். தொல்காப்பியம் வெட்சித்திணையின் துறைகளை அடுக்குமிடத்து இச்சொல்லையே ஆள்கிறது. இலக்கண நூலிலும் கல்லிலும் ஒரே கலைச்சொல் நிற்பதைக் கண்டு தமிழறிஞர் மகிழ்ந்தது இயல்பே. புறத்திணை வெறும் புலவர் கற்பனை என்று கூறுவார்க்கு இக்கல் தக்க விடையாயிற்று. ஆனால் அம்மகிழ்ச்சியில், அருகில் நிற்கும் மற்றொரு சொல் பலருடைய கண்ணுக்குத் தப்பியது. அது ஊர் என்பது. முதற்கல்லில் கூடல் ஊர். மூன்றாம் கல்லில் வேள் ஊர், அதனுடன் அவ்வன், பதவன் என்னும் ஆட்பெயர்கள். உடைந்து எழுத்துச் சிதைந்த இரண்டாம் கல்லிலும் ஊர் என்னும் சொல் தெளிவாக உள்ளது. மூன்று கற்கள், மூன்றிலும் ஊர். வாழ்ந்த ஆடவனைச் சுட்டுதற்கு அவன் குலமோ தொழிலோ அரசனோ முன்னிற்கவில்லை.

இது சிறு செய்தி அன்று. ஆநிரை கவர்தலைக் கேட்டவுடனே, நிலையாக ஓரிடத்தில் தங்காது மந்தையொடு திரிந்த ஆயர் கூட்டமொன்றையே மனத்தில் எழுதிக்கொள்கிறோம். கற்கள் காட்டுவது அதுவன்று. கவரப்பட்ட ஆநிரைக்கு ஊர் இருந்தது. கவர்ந்தானுக்கோ மீட்டானுக்கோ ஊர் இருந்தது. கல்லை நட்டு எழுத்துப் பொறிக்கவும் அதனைப் படிக்கவும் ஆள் இருந்த ஊர். பெயர் பெற்று நிலைத்த ஊர் உழவின்றி அமையாது. எனவே இங்கு ஆநிரை என்பது பாலுக்கும் நெய்க்கும் உரிய ஆக்களை மட்டும் குறித்தது என்று கொள்ளாமல், ஏரிழுக்கும் எருதும் எருவுக்கு உரிய மந்தையும் அடங்கிய உழவு முதலையே குறித்தது என்று கொள்ளுதல் பொருந்தும். ஓர் ஊரின் மாட்டைக் கவர்ந்தால் அதன் அடுத்த ஆண்டு விதைப்பையும் உடன் கவர்ந்ததாகும். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருள் ஏறியதும், ஒருவன் அதற்காக உயிர் கொடுத்தபோது ஊர் அவனுக்குக் கல்லெடுத்ததும் இதனால் விளங்கும்.

கூடலூர் எது என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பள்ளத்தாக்கின் தலைப்பில், குமுளிக் கணவாயின் அடியில் உள்ள கூடலூரே அது என்பது ஒரு கருத்து. கூடல் என்பது மதுரைக்கும் பெயராகலின் அதனைக் கருதுவாரும் இருக்கலாம். ஆறுகள் கூடும் இடமெல்லாம் கூடலூர் எனப் பெயர் பெறுதல் நம் நாட்டு வழக்கு. எம்மளவில் முதற் கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. மாநகரை ஊர் என்று சுட்டி அதன்கண் ஆகோள் நிகழ்ந்தது எனல் பொருந்தாது. பள்ளத்தாக்கின் தலைப்பிலிருந்து ஆண்டிபட்டிப் பகுதி வரை ஆநிரை ஓட்டிச் செல்லும் தொலைவு பெரிது என்பர். மலையடி வழியே மேய்த்து ஓட்டுவார்க்கு அது பெரிதன்று.

இங்கே சுமேரியாவை நினைத்தல் தகும். உருக்கு நகரத்தில் கி.மு. 3300ஐ ஒட்டி எழுந்த முதல் எழுத்துக்கள் களிமண் ஏட்டில் உள்ளன. இத்துணை வாற்கோதுமை வந்தது, இத்துணைக் கள் பணியாளர்க்கு அளக்கப்பட்டது, இத்துணை ஆடு என்பனவே அவற்றின் செய்தி. களஞ்சியத்தின் கணக்கனே அங்கு முதல் எழுத்தாளன். வைகைத் தலைநீர்ப் பகுதியின் முதல் எழுத்தோ ஒருவன் இறப்பைச் சொல்கிறது. தமிழகத்தின் பிற தொல்லெழுத்துக்களும் பானையோட்டில் உடையவன் பெயராகவும் குகையில் கற்படுக்கை செய்வித்தான் பெயராகவும் உள்ளனவே அன்றிக் களஞ்சியக் கணக்காக இல்லை. ஓலையில் எழுதிய கணக்கு அழிந்திருக்கலாம் என்று தடை கூறின், அத்தடை வலியுடையதே. ஓலை நமக்கு எஞ்சவில்லை. ஆயினும் களஞ்சியமும் கணக்கனும் உள்ள அரண்மனையொன்றின் வாயிலில் அன்றி, சிற்றூரின் ஈமக்காட்டில் எழுத்து நிற்கிறது என்பது நிற்கும் உண்மை. சைல்டு வகுத்த ஏணியில் எழுத்து மேற்படியில் உள்ளது. இங்கு அது கீழ்ப்படியிலேயே காணப்படுகிறது.

ஐந்திணையை வரலாற்றுப் படிநிலையாகக் கொண்ட கொள்கையையும் இதனோடு வைத்து ஆராய்தல் வேண்டும். குறிஞ்சியில் வேட்டை, முல்லையில் ஆநிரை, மருதத்தில் உழவு என்று தமிழர் படிப்படியே மலையினின்றும் இறங்கிவந்தனர் என்பது பி.டி. சீனிவாச ஐயங்கார் முதலியோர் கொண்டது. கேட்க இனிய கொள்கை; கம்பம் பள்ளத்தாக்கின் நிலத்தோற்றமும் அதற்கு ஒத்ததுபோல் காட்டும். ஆனால் கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரையில் இத்திணைகள் ஒன்றன்பின் ஒன்றாக அன்றி ஒரே காலத்தில் ஏற்றத்தாழ்வோடு உடன்வாழ்ந்த நிலைகள் என்று நிறுவினார். புலிமான்கோம்பைச் சான்று அவர்பக்கமே நிற்கிறது. யாம் அதற்கு மேலும் ஒன்று கூறுவோம். உழவு மருதத்தில் தொடங்கவில்லை; முல்லையிலேயே தொடங்கியது. சங்கப் பாடல்களின் முல்லைநிலத்தில் வரகுக் கொல்லையும் குறிஞ்சியில் தினைப்புனமும் பயின்று வருதலை அனைவரும் அறிவர். அவற்றைக் கருப்பொருள் என்று பட்டியலிட்டுவிட்டு, உழவு என்றவுடன் மருதத்துக்குத் தாவிவிடுகிறோம். நில வகுப்பைக் கூறும் தொல்காப்பியனாரோ முல்லையையே முன்வைத்தார். மதுரை மாநகரைப் பாடும் மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பாண்டி நாட்டின் ஐந்திணையையும் கூறுமிடத்து மருதத்தை முன்வைத்தார். நகரத்தினின்று நோக்குவார்க்கு மருதம் முதலாதல் இயற்கை.

ஏன் அவ்வாறு? ஜேம்ஸ் சி. ஸ்காட்டு என்னும் அறிஞர் 2017இல் வெளியிட்ட நூலில், பழைய அரசுகள் எல்லாம் தானியத்தின்மேல், அதுவும் ஒரே காலத்தில் விளைந்து கதிர் வெளியே தோன்றும் தானியத்தின்மேல் எழுந்தன என்றார். காரணம் எளியது. அத்தகைய விளைச்சலைக் கண்ணால் மதிக்கலாம், களத்தில் அளக்கலாம், பங்கிட்டுக் கொண்டுபோகலாம். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கையும் மாதக்கணக்கில் சிறிது சிறிதாய் விளையும் பயற்றையும் இறையதிகாரி எங்ஙனம் அளப்பான்? அவர் நம் நாட்டை நோக்கி எழுதவில்லை. எனினும் அக்கருத்து இங்கு ஒளி தருகிறது. புன்செய்க் கொல்லையில் சாமை ஒருபுறம், கொள்ளு ஒருபுறம், விதைத்த நாளும் வெவ்வேறு. மாட்டுச் செல்வமோ காலுடையது, இரவோடு இரவாக மலையேறிவிடும். பாய்ச்சலுள்ள நெல்வயல் ஓடாது, ஒருங்கே விளையும். ஆகவே வேந்தர்க்கு மருதத்தின்மேல் வேட்கை மிகுந்தது. குளந்தொட்டு வளம்பெருக்குதலை அரசன் கடமையாகப் புலவர் உரைத்ததில் மக்கள் நலத்தோடு இறைவருவாயும் உடன் அடங்கியிருந்தது. ஊர் புன்செயில் பிறந்தது. அரசு நன்செயைத் தேடிச் சென்றது. இவ்விரண்டினிடையே சில நூற்றாண்டுகள் உள்ளன.

நகரம் உழவினின்று பெற்றதைப் பேசுவோர் உழவு நகரத்தினின்று பெற்றதை மறந்துவிடுவர். மதுரைக்கு அண்மையிலுள்ள அழகர்மலைக் குகையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்கள் உள. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. முதல் நூற்றாண்டினவாகக் கொள்வார். உப்பு வணிகன், அறுவை வணிகன் முதலியோரோடு கொழு வணிகன் ஒருவனும் அங்குக் கொடையாளனாக நிற்கிறான். கொழு என்பது ஏரின் இரும்பு முனை. அதனை விற்றே ஒருவன் பொருளீட்டி அறம் செய்யும் அளவுக்கு மதுரையில் வாணிகம் நடந்தது எனின், கொழுவை வாங்கிச் சென்ற ஊர்கள் எத்துணை, அவை எங்கே இருந்தன? மதுரையைச் சூழ்ந்த வயல்கள் மட்டும் அன்று என்று கருதலாம். கருநிறக் கரிசலையும் கல் நிறைந்த செந்நிலத்தையும் கீறுதற்கு இரும்புக் கொழு ஆற்றுவண்டலை உழுவார்க்கு வேண்டுவதினும் மிகுதியாக வேண்டும். புன்செய் உழவனே கொழு வணிகனின் தலையாய கொள்வோனாக இருந்திருத்தல் கூடும்.

கணவாய் வழியும் கருதத்தக்கது. குமுளி வழியாகவும் போடி வழியாகவும் சேரநாட்டு மலைப்பொருள் மதுரைக்கு இறங்கியது. போடிநாயக்கனூரில் வெள்ளி முத்திரைக் காசுகளின் பெருங்குவியல் ஒன்று கிடைத்ததும், அதனை டி.டி. கோசாம்பி ஆராய்ந்து எழுதியதும் நாணயவியலார் அறிவர். மலையடியில் அத்துணைக் காசு புதைந்து கிடந்தமைக்கு நெல் விளைவு காரணமாகாது. மிளகு முதலிய மலைப்பொருளும் அவற்றைச் சுமந்த எருதுகளும் காரணமாதல் கூடும். அங்கும் மாடே வருகிறது.

2013–14இல் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இருகரையிலும் வெள்ளிமலைத் தலைநீர் முதல் கடல்வாய் வரை மேற்பரப்பாய்வு செய்து 293 இடங்களைக் குறித்தனர். அவற்றுள் ஒன்றாகிய கீழடியில் 2015 முதல் நடந்த அகழ்வுகள் செங்கற் கட்டடத்தையும் எழுத்துப் பொறித்த ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. ஆறாம் நூற்றாண்டினது எனத் தமிழக அரசின் தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. எலும்புகளை ஆராய்ந்தபோது மாடு, எருமை, ஆடு என்பன மிகுந்து காணப்பட்டன. நகர வாழ்வினர் என்று நாம் போற்றும் அம்மக்களும் மந்தையைக் கைவிட்டவர் அல்லர். கீழடியின் புகழ் பெருகியதிலிருந்து, வைகை நாகரிகம் என்றாலே ஆற்றின் கீழ்ப்பகுதியை மட்டும் கருதுவதும், மேற்பகுதியை அதற்கு நீரும் மரமும் அனுப்பிய பின்னிலமாக எண்ணுவதும் வழக்காகி வருகின்றன. இது திருத்தத்தக்கது. எழுத்தறிந்த ஊர்கள் ஆற்றின் தலைப்பிலும் இருந்தன. அவை நகரத்தின் நிழலில் வாழ்ந்தன என்று காட்டச் சான்று எதுவும் அக்கற்களில் இல்லை.

ஊர்ப்பெயர்களை வைத்து ஒரு சொல். ஆண்டிபட்டி, தாதப்பட்டி, உசிலம்பட்டி எனப் பட்டி என்னும் ஈறு இவ்வட்டாரத்தில் மலிந்துள்ளது. பட்டி என்பது மாடும் ஆடும் அடைக்கும் இடம். தொழு ஊராகிய வரலாறு அப்பெயரில் உறைந்துள்ளது எனலாம். ஆனால் அவ்வூர்களுட் பல நாயக்கர் காலத்தவை. ஆகவே பெயர் கண்டவுடன் அதனைப் பெருங்கற்காலத்துக்கு ஏற்றுவது பேதைமை. கம்பத்திலுள்ள தம்பிரான் மாட்டுத் தொழுவும் அத்தகையதே. மாட்டுப் பொங்கலன்று மக்கள் திரண்டு சென்று வழிபடும் அம்மந்தை, கன்னடம் பேசும் காப்பிலியர் பிற்காலத்தே குடிபுகுந்தபோது உடன்வந்தது. பழமையின் எச்சம் என்று அதனைக் காட்டுதல் ஆகாது. ஒரே நிலம் வெவ்வேறு காலத்தில் வந்தவரையும் ஒரே வாழ்க்கைக்கு ஈர்த்தது என்று மட்டுமே அதனாற் கூறலாம்.

மேற்கூறியவற்றை உறுதிசெய்யவோ மறுக்கவோ வல்ல சான்று மண்ணுக்குள்ளேதான் உளது. சாடியில் வைத்த நெல் தானே கண்ணிற் படும். அடுப்பங்கரையில் சிந்திக் கரிந்த கொள்ளும் சாமையும் அவ்வாறு படா. குழியின் மண்ணை முழுதும் நீரிலிட்டு மிதக்கவைத்து, நுண்ணிய சல்லடையில் வடித்து, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக நோக்கினாலன்றி அவை அகப்படமாட்டா. ஈமக்குழியை மட்டும் அகழ்ந்து, வாழ்விடத்தை அகழாது விடின், நெல்லே மிகுந்து காணப்படும். அக்காட்சி பண்டையோர் உணவைக் காட்டாது, அவர் இறந்தார்க்கு வைத்த விருந்தையே காட்டும். புலிமான்கோம்பையில் ஈமக்காடு கிடைத்தது. கல்லில் மும்முறை பெயர் சொல்லப்பட்ட ஊரின் வாழ்விட மேட்டை, ஏர் புரட்டி முடிக்குமுன், வைகையின் அக்கரையிலும் இக்கரையிலும் தேடுதல் வேண்டும். முதலில் வடித்துப் பார்க்க வேண்டுவது அதன் அடுப்புச் சாம்பல்.